கொல்லையிலிருந்து கொலுவுக்கு

நவராத்திரி தொடங்கி கார்த்திகை தீபம் வரைக்கும் வீட்டை அலங்கரிக்க ஓலை, இலை, விதை, மாவு, மண் போதும்

பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் என்று புரட்டாசியைச் சொல்வார்கள். மதியம் வரை வெயில் கொளுத்தும். நாலு மணிக்கு மேகம் திரண்டு, மொட்டைமாடியில் காயப்போட்ட துணியையெல்லாம் நனைத்துவிட்டுப் போகும். நம் வீடுகளின் அலங்காரப் பருவம் இந்த மாதத்தில்தான் தொடங்குகிறது. மகாளய அமாவாசைக்கு மறுநாள் கொலு. ஒன்பதாம் நாள் ஆயுத பூஜை. ஐப்பசியில் தீபாவளி, கார்த்திகையில் தீபம். இரண்டு இரண்டரை மாதத்துக்குள் வாசலும் கூடமும் நாலைந்து முறை புதுசாகிவிடும்.

இதற்கெல்லாம் கடைத்தெருவில் இப்போது தயாராகவே சாமான் கிடைக்கிறது. பிளாஸ்டிக் மாவிலை, துணியில் செய்த சாமந்திச் சரம், தெர்மகோல் கோபுரம், தரையில் ஒட்டும் ஸ்டிக்கர் கோலம். கொஞ்ச வருஷமாக ஆரஞ்சும் சிவப்புமாக மேப்பிள் இலைச் சரங்களும் தொங்குகின்றன.

மேப்பிள் சிவக்கும் ஊர்களில் அது பொருத்தமான அலங்காரம்தான். அங்கே செப்டம்பர் கடைசியில் பகல் குறுகிக் குளிர் தட்டும்போது இலையின் பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது; சில மரங்களில் சிவப்பு புதிதாக ஊறுகிறது. வாசலில் விழுந்த அந்த இலையையே பொறுக்கிக் கதவில் மாட்டுகிறார்கள். நமக்கோ இலை கொட்டுவது பெரும்பாலும் மாசி பங்குனியில். ஐப்பசியில் நம் மரங்கள் மழையில் குளித்துப் பச்சை கட்டி நிற்கும். ஐப்பசியையும் கார்த்திகையையும் பழந்தமிழர் கூதிர் என்று தனிப் பருவமாகவே பிரித்து வைத்தார்கள். வடகிழக்குப் பருவமழையின் காலம். தமிழ்நாட்டின் ஓராண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் பெய்துவிடுகிறது. நம் பருவத்துக்கு உரிய நிறங்கள் இந்த ஈரத்திலிருந்து வருபவை: மாவிலைப் பச்சை, குருத்தோலையின் இளமஞ்சள், வாடாமல்லியின் ஊதா, அறுத்த நெல்லின் பொன், அகல் சுடர்.

கையால் செய்வது பெரிய வேலை என்ற நினைப்புதான் பலரைக் கடைக்கு அனுப்புகிறது. உண்மையில் ஒரு கணக்கு தெரிந்தால் போதும்: எந்தப் பொருள் எத்தனை நாள் தாங்கும்? வாசல் கோலம் ஒரு பொழுது. தொடுத்த பூ ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. குருத்தோலை இரண்டு மூன்று நாள் நிறம் மாறாமல் இருக்கும். முற்றிய மாவிலை ஒரு வாரம் தொங்கும். முளைவிட்ட தானியம் பத்து நாள். நெற்கதிரும் உலர்ந்த வாடாமல்லியும் பொங்கல் வரைக்கும்கூட வரும். ஆயுத பூஜைக்கு ஒரு நாள் அலங்காரம் போதும், அதற்குப் பூ. கொலுவுக்கு ஒன்பது நாள் நிற்க வேண்டும். அதற்கு முளைப்பாரியும் மாவிலையும். இப்படிப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பிளாஸ்டிக் தோரணம் பத்து வருஷம் தொங்கும் என்பதைத்தான் பலரும் அதன் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தப் பத்து வருஷமும் ஒரே பச்சையில், தூசி படிந்து தொங்கும் நிலைக்குப் பண்டிகை வந்ததும் தெரிவதில்லை, போனதும் தெரிவதில்லை. எனக்கு அதில்தான் மனத்தாங்கல்.

நிலைக்கு மாவிலை, பந்தலுக்குக் குருத்தோலை

மாவிலையில் தேர்வுதான் முக்கியம். செம்பு நிறத்தில் பளபளக்கும் கொழுந்து பார்க்க அழகு; கட்டிய இரண்டு மணி நேரத்தில் துவண்டுவிடும். கரும்பச்சையாக, விரலால் மடித்தால் கொஞ்சம் எதிர்த்து நிற்கும் முற்றிய இலையாகப் பறிக்க வேண்டும். அதன் மேல்தோலில் மெழுகுப் பூச்சு கனமாக இருப்பதால் ஈரம் சீக்கிரம் வெளியேறாது. பறித்ததும் தண்ணீரில் அலசி, ஈரத்துணியால் இரண்டு பக்கமும் துடைத்துவிடுங்கள். நகரத்து மரங்களில் சாலைப் புழுதி கருப்பாக வரும்.

கட்டுவதற்கு ஸ்டேப்ளர் வேண்டாம். மழைக் காற்றில் அந்தப் பின் துருவேறும். இலை காய்ந்து சுருங்கும்போது கிழித்துக்கொண்டு விழும். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, ஒன்றரை அங்குலத் துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். சணலோ வாழைநாரோ நிலைக்கு வேண்டிய நீளத்தில் எடுத்துக்கொண்டு, இலையின் காம்புப் பக்கத்தை அதன் மேல் பின்புறமாக மடித்து, மடிந்த இரண்டு அடுக்கையும் சேர்த்து ஈர்க்குத் துண்டால் ஒரு தையல் போட வேண்டும். உள்ளே போய் வெளியே வந்தால் போதும். வாழைநாரைப் பத்து நிமிஷம் நனைத்துவிட்டுப் பயன்படுத்தினால் ஒடியாது. இரண்டு இலைக்கு நடுவில் ஒரு செண்டுமல்லியைக் கோத்தால் மறுநாள் அந்தப் பூவை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இலைகள் அப்படியே இருக்கும்.

குருத்தோலை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை முதலில். தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். அதில் கத்தி பட்டால் மரமே போய்விடும். வெட்டுக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும் அபாயமும் உண்டு. ஆகவே வீட்டு மரமாக இருந்தாலும் நாமே ஏறிக் குருத்தில் கை வைக்கக் கூடாது. மரம் ஏறத் தெரிந்தவர் எடுத்துத் தரட்டும். இல்லாவிட்டால் பூச்சந்தையிலேயே கட்டாக விற்கிறார்கள். புயலிலும் காற்றிலும் சாய்ந்த மரங்களின் குருத்தும் தோரணக்காரர்களிடம்தான் வந்து சேருகிறது.

கல்யாணப் பந்தல்களில் கிளியும் மயிலும் பின்னுகிறவர்களின் கைவேகம் நமக்கு ஒரு நாளில் வராது. ஆனால் பத்து வயதுப் பிள்ளை செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஓர் ஓலையில் நடு ஈர்க்கை உருவி எடுத்தால் சம அகலத்தில் இரண்டு நாடா கிடைக்கும். இரண்டின் நுனியையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்காக வைத்து, கீழே இருப்பதை மேலே மடியுங்கள். இப்போது கீழே வந்ததை மேலே மடியுங்கள். இப்படியே மாற்றி மாற்றி மடித்துக்கொண்டு போனால் சின்னச் சதுரக் கட்டி ஒன்று உருவாகும். கடைசி நுனியை ஈர்க்கால் தைத்துவிட்டு இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால் சுருள் விரியும். நாலைந்து சுருளை நிலையிலிருந்து தொங்கவிட்டால், காற்றுக்கு ஒவ்வொன்றும் தன் போக்கில் திரும்பிக்கொண்டிருக்கும். நுனியில் ஒரு வாடாமல்லி கட்டிவிட்டால் நேராகத் தொங்கும். ஓலை காய்ந்து முறுகிவிட்டால் பின்ன வராது. அதனால் ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பது நல்லது.

யாழ்ப்பாணத்தில் குருத்தோலைத் தோரணத்துக்கு இலக்கணமே உண்டு. மங்கல வீட்டுத் தோரணத்தில் நான்கு குருவிகள் மடிப்பார்கள். துக்க வீட்டுக்கு மூன்று. வீதியில் போகிறவர் தோரணத்தைப் பார்த்தே அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அறிந்துகொள்வார். பிளாஸ்டிக் கொடி எந்த வீட்டிலும் ஒரே மாதிரிதான் பறக்கும்.

பூவில் எது தங்கும்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பூச்சந்தைப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். மதுரை மாட்டுத்தாவணி, தோவாளை, கோயம்பேடு என்று எங்கே போனாலும் அன்று சாமந்தியும் செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் மூட்டை மூட்டையாக இறங்கும். மல்லிகையின் விலையைக் கேட்டுத் திகைத்து நிற்கும் நேரத்தில் பக்கத்திலேயே இருக்கும் வாடாமல்லியை வாங்குவதுதான் கெட்டிக்காரத்தனம். அதன் ஊதா இதழ் என்று நாம் நினைப்பது இதழே அல்ல. காகிதப் பதத்தில் இருக்கும் செதில்கள். பிறக்கும்போதே உலர்ந்த தன்மை கொண்டவை என்பதால் காய்ந்தாலும் நிறம் போகாது. கோழிக்கொண்டையும் அப்படித்தான். கொஞ்சம் நீளக் காம்போடு வாங்கி, பத்துப் பத்தாகக் கட்டி, தலைகீழாக நிழலில் தொங்கவிட வேண்டும். வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துவிடும். இதைப் புரட்டாசி வெயில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். ஐப்பசி அடைமழையில் கட்டினால் காய்வதற்குள் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த கொத்தை ஒரு பழைய பித்தளைச் செம்பில் செருகி வைத்தால் தீபாவளிக்கும் அது நிற்கும், கார்த்திகைக்கும் நிற்கும்.

தோவாளை என்றதும் மாணிக்க மாலையைச் சொல்லாமல் நகர முடியவில்லை. வெள்ளரளி, செவ்வரளி, நொச்சி இலை இந்த மூன்றையும் மடித்து மடித்துத் தொடுக்கிறார்கள். முடிந்தபின் அது பூ மாலையாகத் தெரியாது. கல் பதித்த நகையாகத் தெரியும். 2025-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கைவேலை நமக்கு எட்டாது என்றாலும் அதன் சூட்சுமத்தை எடுத்துக்கொள்ளலாம். விலை உயர்ந்த பூ ஒன்றும் அதில் இல்லை. வேலியோரம் பூக்கும் அரளியும் வரப்போரம் வளரும் நொச்சியும்தான். மடிப்பின் ஒழுங்கு அவற்றை உயர்த்திவிடுகிறது. அரளி மட்டும் முழுக்க நஞ்சு. தொடுத்தபின் கையைக் கழுவ வேண்டும். வாயில் எதையும் போட்டுப் பார்க்கும் வயதில் குழந்தை இருக்கும் வீட்டில் அரளியே வேண்டாம்.

இதே நாட்களில் தெலங்கானாவில் பதுக்கம்மா நடக்கும். மகாளய அமாவாசையன்று தொடங்கி ஒன்பது நாள். 2014-ல் மாநிலம் உருவானதும் இதை மாநிலத் திருவிழாவாக அறிவித்தார்கள். பெண்கள் தாம்பாளத்தில் இலை பரப்பி, பூக்களை வட்டம் வட்டமாக அடுக்கிக் கோபுரமாக உயர்த்துவார்கள். அதற்கு முதன்மையான பூக்கள் இரண்டு. ஒன்று, அவர்கள் தங்கேடு என்று சொல்லும் நம் ஆவாரம்பூ. இன்னொன்று குனுகு, நம் ஊர் வயல்களில் களையாக முளைக்கும் பண்ணைக்கீரையின் பூக்கதிர். தரிசிலும் வரப்பிலும் தானாகப் பூத்ததை வைத்து ஒரு மாநிலமே விழா எடுக்கிறது. நம் சாலையோரங்களிலும் புரட்டாசியில் ஆவாரை பூத்துக் கிடக்கிறது. ஒரு தாம்பாளம், நாலு பூவரசு இலை, இரண்டு கை ஆவாரம்பூ, நடுவில் ஒரு கொத்துக் கோழிக்கொண்டை. கொலுப்படிக்குக் கீழே வைக்க இதைவிட அழகாக ஒன்றை எந்தக் கடையும் விற்கவில்லை.

படிக்குப் பக்கத்தில் ஒரு மலை

கொலுவில் பொம்மைகளுக்குச் சமமாகப் பிள்ளைகள் ஆசைப்படுவது பக்கத்தில் அமைக்கும் பார்க்குக்குத்தான். பொம்மையை விளாச்சேரியிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் வாங்கலாம், மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பேரம் பேசலாம். பார்க்கை மட்டும் வீட்டில்தான் செய்ய வேண்டும், அதுவும் முன்கூட்டியே. அமாவாசைக்கு ஐந்தாறு நாள் முன்னால் கேழ்வரகை ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். பழைய தட்டுகளிலோ பழக்கூடையின் மூடியிலோ இரண்டு அங்குலத்துக்கு மண்ணும் தென்னைநார்க் கழிவும் கலந்து பரப்பி, ஊறிய கேழ்வரகை நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாக மண் மூடுங்கள். காலையும் மாலையும் கையால் தண்ணீர் தெளித்தால் போதும். செம்பால் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். மூன்றாம் நாள் முளை தெரியும். கொலு தொடங்கும்போது மெல்லிய புல்தரை தயார்.

கேழ்வரகு புல்லுக்கு. கடுகு இரண்டு வட்ட இலையோடு குட்டையாக நிற்கும். அது செடி வரிசைக்கு. பச்சைப்பயறு கொஞ்சம் உயரமாகப் போகும். அதைத் தோப்பாக வைத்துக்கொள்ளலாம். இருட்டறையில் மூடி வளர்த்தால் முளை வெளுத்து மஞ்சளாக நீளும், முளைப்பாரிக்கு அதைத்தான் சில ஊர்களில் விரும்புகிறார்கள். வெளிச்சத்தில் வைத்தால் பச்சை. ஒரே தானியத்தை இரண்டு தட்டில், ஒன்றை மூடியும் ஒன்றைத் திறந்தும் வளர்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வயலும் வரப்பும் தானாக வந்துவிடும். பிள்ளைகளுக்கு ஒரு பாடமும் ஆயிற்று.

மலை செய்கிற வித்தையை என் பெரியம்மாவிடம் பார்த்தேன். கும்பகோணத்தில் அவர் வீட்டுக் கொலுவில் ஒவ்வொரு வருஷமும் பழனிமலை உண்டு. முக்காலியைக் கவிழ்த்து, அதன் மேல் மளிகைக் கடைக் காக்கிக் காகிதங்களைக் கசக்கி கசக்கிப் போர்த்துவார். வடித்த கஞ்சியைக் கெட்டியாக்கித் தடவி ஒட்ட வேண்டும். நாங்கள் பரபரப்போம். "அவசரப்படாதே கண்ணு, கஞ்சி ஆறட்டும். சூடா தடவினா பேப்பர் கிழிஞ்சிடும்" என்பார். காகிதம் பாதி ஈரமாக இருக்கும்போதே ஒரு கைப்பிடி ஆற்று மணலையும் சலித்த செம்மண்ணையும் மேலிருந்து தூவுவார். கசங்கலின் மேட்டில் மண் ஒட்டாமல் வழுக்கிப் பள்ளத்தில் போய்த் தங்கும். காய்ந்ததும் பார்த்தால் மழை அரித்த மலைச்சரிவு அப்படியே தெரியும். அந்த அரிப்பை யாரும் வரைந்து கொண்டுவர முடியாது. மண் தானாகவே வழிந்து தன் இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. ஏறும் வழிக்குத் தீக்குச்சிகளை வரிசையாக ஒட்டினால் படிக்கட்டு. அடிவாரத்தில் ஒரு வட்டிலில் தண்ணீர், அதில் துளசி இலை மிதந்தால் குளம்.

கொலுப் படிக்கும் அந்தக் காலத்தில் இரும்புச் சட்டம் கிடையாது. டிரங்குப் பெட்டி, அரிசி டின், அடுக்கிய புத்தகக் கட்டு, பலகை. எல்லாவற்றையும் மறைத்து ஒரு வேட்டி. வேட்டியின் கரை ஒவ்வொரு படியின் விளிம்பிலும் நேராக வரும்படி இழுத்து விடுவதில்தான் பெரியவர்களின் கவனமெல்லாம் இருக்கும். மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில் வந்தால் சரி. சின்ன வீட்டில் மூன்று படியே போதும்.

குறுவை தரும் பொன்

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் நேரத்துக்கு வந்த வருஷமென்றால் டெல்டாவில் புரட்டாசி ஐப்பசியில் குறுவை அறுவடை நடக்கும். கிராமத்தில் உறவு இருப்பவர்கள் ஒரு கைப்பிடிக் கதிரைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முழுக்க முற்றிக் காய்ந்த கதிரில் நெல் உதிர்ந்துவிடும். தாள் கொஞ்சம் பச்சை ஓடியிருக்கும்போதே, ஒரு முழத் தண்டோடு அறுக்க வேண்டும். நிழலில் மூன்று நான்கு நாள் காயவைத்து, தண்டுப் பக்கம் வாழைநாரால் இறுக்கிக் கட்டி, கதிர் கீழ்நோக்கித் தொங்க வாசல் தாழ்வாரத்தில் மாட்டினால் போதும். குருவி வரும், தின்னும். தின்னட்டும். நெல்லைக் கட்டித் தொங்கவிடுவதே அதுகளுக்கும் சேர்த்துத்தான். கதிர் குறைந்தபின் மிஞ்சும் வைக்கோல் குஞ்சமும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

நகரத்தில் இருப்பவர்களுக்குக் கதிர் கிடைக்காது. அவர்கள் நாட்டு வாதுமை மரத்தைத் தேடலாம். பள்ளிக்கூட வளாகத்திலும் கடற்கரைச் சாலையிலும் குடை விரித்து நிற்கும் மரம். நம் ஊரில் உதிரும் முன் நன்றாகச் சிவக்கும் இலை அதனுடையது, வருஷத்தில் இரண்டு முறை சிவக்கும். விழுந்த இலைகளில் கறையில்லாததாகப் பொறுக்கி, பழைய செய்தித்தாள் நடுவில் வைத்து மேலே கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு வாரம் விட்டால் தட்டையாகிவிடும். தாளை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் மழைக்காலத்து ஈரத்தில் இலை கருத்துவிடும். சவுக்குத் தோப்புப் பக்கம் போனால் சின்னச் சின்ன மரக்காய்கள் கிடைக்கும், கொன்றை மரத்தடியில் நீண்ட நெற்று கிடக்கும். எல்லாமே ஒரு முறத்தில் பரப்பி வைத்தாலே அழகு. குன்றிமணியை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அந்தச் சிவப்பு விதைக்குள் கடுமையான நஞ்சு இருக்கிறது.

டொரண்டோவிலும் லண்டனிலும் கொலு வைக்கும் நம்மவர்களுக்கு இந்தப் பருவம் வேறு விதமாக வாய்க்கிறது. அங்கே நவராத்திரி சரியாக இலை சிவக்கும் நேரத்தில் வருகிறது. உறைய வைத்த மாவிலையைத் தேடி அலைவதைவிட, வீட்டு வாசலில் உதிர்ந்த மேப்பிள் இலையை இதே முறையில் அழுத்தி, உருகிய தேன்மெழுகில் ஒரு முறை முக்கி எடுத்து நூலில் கோத்தால் நிலைக்குத் தோரணம் ஆகிவிடும். மெழுகு ஏறிய இலை வாரக்கணக்கில் நிறம் மங்காது. அந்த மண்ணில் அந்தப் பருவம் தருவது அதுதான். அம்மன் அதை வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை.

விரலிடுக்கில் வழியும் கோலம்

வாசல் கோலத்தை மழை பத்து நிமிஷத்தில் கழுவிவிடும் மாதங்கள் இவை. அதற்குப் பதில்தான் கூடத்திலும் பூஜையறையிலும் மாக்கோலம். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து மைய அரைத்து, தோசை மாவைவிடத் தளரக் கரைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளவு பருத்தித் துணியை அதில் முக்கி எடுத்து, கட்டைவிரலும் நடு இரண்டு விரலும் பிடித்துக்கொள்ள, மோதிர விரலின் நுனி வழியே மாவு இறங்கும். கட்டைவிரல் அழுத்தினால் கோடு தடிக்கும், விட்டால் மெலியும். போட்ட உடனே பார்த்தால் ஒன்றுமே தெரியாது, தரை நனைந்த தடம் மட்டும் இருக்கும். புதிதாகப் போடுகிறவர்கள் இங்கேதான் பயந்து மேலும் மேலும் மாவை ஊற்றிவிடுகிறார்கள். கால் மணி நேரம் பொறுத்தால் கோடு ஒவ்வொன்றாக வெளுத்து மேலே எழும்பும். ஓரத்தில் காவி தீட்டினால் வெள்ளை இன்னும் பளிச்சிடும்.

வண்ணத்துக்குச் சாயப்பொடி தேவையில்லை. மஞ்சள் பொடி, சலித்த செங்கல் பொடி, உமிக்கரி, காயவைத்துப் பொடித்த முருங்கை இலை. அரிசி மாவோடு கலந்தால் மஞ்சளும் காவியும் சாம்பலும் பச்சையும் வந்துவிடும். மஞ்சளோடு சிட்டிகை சுண்ணாம்பு சேர்த்துக் குழைத்தால் ஆரத்திச் சிவப்பு. நீலம் வேண்டுமென்றால் சங்குப்பூவைக் கொதிநீரில் போட்டு, அந்தத் தண்ணீரில் பச்சரிசியை ஊறவைத்து உலர்த்துங்கள். அதே தண்ணீரில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டால் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். பிள்ளைகள் அசந்துபோவார்கள். இந்த அரிசியில் தட்டுக் கோலம் போட்டு, பண்டிகை முடிந்ததும் குருவிக்கும் எறும்புக்கும் இறைத்துவிடலாம். கல் உப்பில் வண்ணம் ஏற்றிப் போடும் ரங்கோலி இப்போது பரவலாக இருக்கிறது. கழுவிவிடும் உப்புத் தண்ணீர் வாசல் செடிகளின் வேரைக் கெடுக்கும். எனக்கு அதில் சம்மதமில்லை.

கார்த்திகைக்கு

புது அகலை அப்படியே ஏற்றினால் பாதி எண்ணெயை மண்ணே குடித்துவிடும். அரை நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்து உலர்த்திவிட்டு ஏற்றுங்கள். போன வருஷத்து அகலைச் சாம்பலும் வெந்நீரும் போட்டுத் தேய்த்தால் மறுபடி உதவும். கார்த்திகையில் காற்று பலமாக அடிக்கும், மொட்டைமாடிச் சுவரில் வரிசையாக வைத்த விளக்கில் பாதி அணைந்துவிடும். அதற்குக் கொட்டாங்கச்சி உதவும். பாதி மூடியின் வெளிப்பக்க நாரைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் பூசினால் கருங்காலி மாதிரி மின்னும். உள்ளே இரண்டு விரல் உயரத்துக்கு மணல் போட்டு, அதன் மேல் குட்டி அகலை வையுங்கள். மணல் இல்லாமல் வைத்தால் ஓடு தீப்பிடிக்கும். காற்றுக்கும் மறைப்பு, வெளிச்சமும் மேல்நோக்கி விழும்.

யாழ்ப்பாணத்தில் இந்த நாளை விளக்கீடு என்பார்கள். வாசலில் வாழைக்குற்றியை நட்டு அதன் மேல் விளக்கை ஏற்றுவது அங்கே வழக்கம். ஈரம் நிறைந்த தண்டு என்பதால் தீ பிடிக்காது. தண்டின் தலையைக் கொஞ்சம் குடைந்தால் அகல் ஆடாமல் உட்காரும். தார் வெட்டிய வாழையின் தண்டு எப்படியும் வெட்டிப்போட வேண்டியதுதான், அதற்கு இதைவிட நல்ல உபயோகம் இல்லை. காய்ந்த ஓலைத் தோரணம் தொங்கும் இடத்துக்கு அருகில் மட்டும் எந்த விளக்கையும் வைக்காதீர்கள். தீபாவளிக்குக் கட்டியதைக் கார்த்திகைக்குள் அவிழ்த்துவிடுவது பாதுகாப்பு.

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் அன்று இரவு பிள்ளைகள் மாவலி சுற்றுவார்கள். ஆண்பனையின் காய்ந்த பூக்களைக் குழியில் எரித்து, மண் போட்டு மூடிக் கரியாக்கி, பொடித்துத் துணியில் நீளமாகச் சுருட்டிக் கட்டுவார்கள். பனைமட்டையை மூன்றாகப் பிளந்து, அதன் நடுவில் அந்தச் சுருளை வைத்து இறுக்கி, கயிறு கட்டி நெருப்பு வைப்பார்கள். வெட்டவெளியில் நின்று தலைக்கு மேல் சுற்றினால் பொறி வளையம் வளையமாகச் சிதறும். பட்டாசுப் புகையோ வெடிச் சத்தமோ கிடையாது. பெரியவர் ஒருவர் தண்ணீர் வாளியோடு பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதன் கரியில் இப்படியொரு வாணவேடிக்கை இருப்பது நகரத்துப் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது; இந்த வருஷம் ஊருக்குப் போகிறவர்கள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம்.

எல்லாம் முடிந்தபின் குப்பைத் தொட்டிக்குப் போக வேண்டியது அநேகமாக எதுவும் இல்லை. முளைப்பாரி மாட்டுக்கு அல்லது குளத்துக்கு. மாவிலையும் ஓலையும் தொட்டிச் செடிக்கு மூடாக்கு. ஆயுத பூஜைப் பூசணிக்காயை நடுரோட்டில் உடைத்துவிட்டு வராதீர்கள். வண்டிகள் வழுக்கி விழுந்து வருஷா வருஷம் ஆட்களுக்கு அடிபடுகிறது. ஓரமாக உடைத்து உடனே எடுத்துவிடலாம். காய்ந்த செண்டுமல்லியையும் வாடாமல்லியையும் கையால் கசக்கினால் விதை உதிரும். அதைத் தாளில் மடித்து, மாதத்தை எழுதி, ஈரம் படாத டப்பாவில் போட்டு வையுங்கள். ஆடித் தொடக்கத்தில் விதைத்தால் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே, அடுத்த கொலுவுக்குப் பூக்கத் தொடங்கிவிடும்.